பிரிக்கிற ராத்திரி

போடிநாயக்கனூரில் கண்காட்சி நடத்துகிற மாதிரி பெரிய அரங்கம் கிடையாது. சென்னைக்கு நந்தம்பாக்கம் இருக்கிறது, கோவைக்குக் கொடிசியா, மதுரைக்குத் தமுக்கம். எங்கள் ஊரில் இருப்பது சுற்றிலும் மலை, தெருவுக்குத் தெரு ஏலக்காய்க் கடை, விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஜீப்புகள். அந்த ஊரில் குடோன் பிடித்து, கண்காட்சிகளுக்கு ஸ்டால் போட்டுப் பிரித்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கப்போகிறேன் என்று 2009-இல் வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா மட்டும் கேட்டார். "சாமான் வாங்கிருவ. ஆளு எங்கிட்டிருந்து எடுப்ப?"

அப்பா பந்தல்காரர். சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் கயிறுமாகக் கல்யாண வீடு, கோவில் திருவிழா, துக்க வீடு என்று போடி சுற்றுவட்டாரம் முழுக்கப் பந்தல் போட்டவர். சாமானை ஒருமுறை வாங்கினால் போதும், ஆளை ஒவ்வொரு முறையும் தேட வேண்டும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் மலையிலிருந்து ஆள் எடுப்பேன் என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்க வேண்டுமானால் ஏலத்தோட்டத்து வருஷத்தைச் சொல்ல வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று ஏலக்காய் மலை விரிகிறது. தோட்டம் அந்தப் பக்கம், தோட்டத்தில் காய் எடுக்கும் கை பெரும்பாலும் இந்தப் பக்கம். ஆடி, ஆவணியில் காய் எடுப்பு சூடுபிடிக்கும். ஒரே செடியில் காய் ஒரேநாளில் முற்றாது என்பதால் மாதத்துக்கு ஒரு ரவுண்டு, நாற்பது நாளுக்கு ஒரு ரவுண்டு என்று தை வரைக்கும் போகும். அதற்குப் பிறகு கோடையில் நிழல் மரத்துக் கிளை கழிப்பது, தண்ணீர் விடுவது, பழைய தட்டைகளை எடுப்பது என்று வேலை சுருங்கிவிடும். ஜீப்பில் தொங்கிக்கொண்டு போன கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் பொருட்காட்சிக் காலம் அதே மாதங்கள்தான். மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி. மே மாதம் நீலகிரியில் கோடை விழா, அதையொட்டிக் கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி. பள்ளி விடுமுறைக்கென்றே ஊர் ஊராக நடக்கும் விற்பனைக் கண்காட்சிகள். மலையில் வேலை இல்லாதபோது கீழே வேலை இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் அப்போது யாரும் இல்லை. அப்பா கேட்டுவிட்டு, "சரி, செய்" என்றார்.

ஸ்டால் கேட்பவர்களும் ஊரிலேயே உருவாகிக்கொண்டிருந்தார்கள். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் போடியில் ஏலக்காய் ஏலத்தைக் கணினிக்கு மாற்றியது. அதற்கு முன்பு கூவிக் கேட்ட ஏலம். மாதிரிக் காயைக் கையில் உருட்டிக்கொண்டே வியாபாரிகள் விலை ஏற்றுவார்கள். ஏலம் திரைக்குப் போன காலத்தில் இளைய தலைமுறை வியாபாரிகள் சிலர், மூட்டை மூட்டையாக வடக்கே அனுப்புவதோடு நிற்காமல், ஐம்பது கிராம் நூறு கிராம் பாக்கெட் போட்டு நேராக விற்க நினைத்தார்கள். அதற்குக் கண்காட்சிக்குப் போக வேண்டும். காயை முகர்ந்து பார்க்காமல் யாரும் புதுப் பாக்கெட்டை வாங்குவதில்லை.

அப்படி ஒருவர், அப்பாவுக்குப் பழக்கமானவர், சென்னைக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போன இடம் 2001-இல் வந்த நந்தம்பாக்கம் வர்த்தக மையம். அந்த ஹாலுக்குள் முதலில் நுழைந்தபோது வியாபாரி தன் ஸ்டால் எண்ணைத் தேடினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஸ்டால், இரண்டரை மீட்டர் உயரம். வெள்ளை பேனல், அலுமினியக் கம்பம், மேலே பெயர்ப்பலகைக்கு ஒரு ஃபேஸியா. ஆணி இல்லை, கயிறு இல்லை, சிமென்ட் இல்லை, தரையில் ஒரு துளைகூட இல்லை. நூற்றுக்கணக்கான கடைகள் அப்படியே நின்றன.

ஆக்டோநார்ம் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். 1960-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான முறை. கம்பத்துக்கு எட்டு முகம், முகத்துக்கு ஒரு காடி. பீமின் முனையில் ஒரு சின்ன லாக் இருக்கும். அதன் நாக்கைக் காடிக்குள் விட்டு, ஆலன் கீயை ஒரு திருகு திருகினால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். எட்டுத் திசையில் எந்தத் திசைக்கும் சுவரைத் திருப்பலாம். பேனல் மேலிருந்து காடிக்குள் இறங்கி உட்காரும். எதிர்த் திசையில் ஒரு திருகு திருகினால் எல்லாம் கையோடு வந்துவிடும். அன்றைக்கு அந்த ஹாலில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த பையன்களிடம் ஆலன் கீயை வாங்கி ஒரு லாக்கை முடுக்கிப் பார்த்தேன். உள்ளே நாக்கு பிடிக்கும் இடத்தில் விரலுக்கு ஒரு தட்டுப்படல் தெரியும். அதற்கு மேல் முடுக்கினால் மரை போய்விடும், குறைந்தால் சுவர் ஆடும். இந்த வேலையில் பாதி அந்தத் தட்டுப்படலை விரல் அறிவதுதான்.

அப்பாவிடம் வந்து சொன்னபோது அவர் வியக்கவில்லை. அவருடைய பந்தலிலும் ஆணி குறைவு. ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான் போடுவார். "கட்டுறப்பவே அவுக்கிறத நெனச்சுக் கட்டணும்ப்பா. இல்லேன்னா அறுக்கணும். அறுத்த கயிறு அடுத்த பந்தலுக்கு ஆகாது" என்பார். அவரிடமிருந்து நான் அப்படியே எடுத்துக்கொண்டது மூலைமட்டம் பார்ப்பது. கயிற்றில் ஒரு பக்கம் மூன்று முழம், ஒரு பக்கம் நான்கு முழம் அளந்து, குறுக்கே ஐந்து முழம் வந்தால் மூலை சரி. இன்றைக்கும் என் ஆட்கள் ஹால் தரையில் சாக்பீஸ் கோடு போடுவது அந்தக் கணக்கில்தான், முழத்துக்குப் பதில் மீட்டர். முதல் மூலை ஒரு விரற்கடை கோணினால் இருபதாவது கடை நடைபாதைக்குள் வந்து நிற்கும்.

பிரிப்பதை நினைத்துக் கட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு உலகத்தில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மகா கண்காட்சிக்கு ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி மாளிகையை வடிவமைத்தார். அவர் அடிப்படையில் தோட்டக்கலைக்காரர். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்கள் கட்டிப் பழகியவர். கண்காட்சி முடிந்ததும் பூங்கா பழையபடி ஆக வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் இரும்புத் தூணும் கண்ணாடியும் ஒரே அளவில் பட்டறையில் செய்து வந்து, இடத்தில் பூட்டப்பட்டன. 1852-இல் முழு மாளிகையையும் பிரித்தார்கள். பிரித்த பாகங்கள் சிடன்ஹாமுக்குப் போய் 1854-இல் இன்னும் பெரிய மாளிகையாக எழுந்து நின்றன, 1936-இல் தீப்பிடிக்கும் வரைக்கும். கட்டியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஹைட் பார்க்கில் கண்ணாடி உடையாமல் இறக்கிய ஆட்களைப் பற்றிப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

தொழிலின் கணக்கு பேனலில் இருக்கிறது. தனி ஸ்டால் ஒன்றுக்கு மூன்று பக்கச் சுவர், ஒன்பது பேனல். இருபது ஸ்டாலைத் தனித்தனியாகப் போட்டால் 180 பேனல் வேண்டும். அதே இருபதைப் பத்துப் பத்தாக முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டால் பக்கச்சுவரும் பின்சுவரும் பொதுவாகிவிடும். 96 பேனல் போதும். புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்: கையில் இருக்கும் பேனலுக்கு எத்தனை ஸ்டால் என்பதை வரைபடம்தான் தீர்மானிக்கிறது. நான் பழைய பேனல்களை வாங்கித்தான் ஆரம்பித்தேன். மூலை நசுங்கியதைத் தனியாக வைத்து, வியாபாரியின் ஃபிளெக்ஸ் மூடிக்கொள்ளும் பின்சுவருக்கு அனுப்புவோம்.

ஏலக்காய்க்காரர்கள் என்னிடமே வந்ததற்குக் காரணம் வேறு. அது வெளிச்சம். ஏலக்காய்க்கு விலை அதன் பச்சையில் இருக்கிறது. ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் வைத்து மிதமான சூட்டில் ஒருநாளுக்கு மேல் உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். அந்தப் பச்சையைக் காப்பாற்றத்தான் சாக்குக்குள் கறுப்பு பாலித்தீன் உறை போட்டு, வெளிச்சம் படாமல் அடுக்குகிறார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த எட்டு எம்எம் காயைக் கண்காட்சியில் கொண்டுவந்து தட்டில் குவித்து, தலைக்கு மேலே மெட்டல் ஹாலைடு விளக்கை எரியவிட்டால் என்ன ஆகும்? நந்தம்பாக்கத்தில் நான் பார்த்தேன். மூன்றாம் நாள் தட்டின் மேல்வரிசை வெளுத்துவிட்டது. வந்த மொத்த வியாபாரி ஒருவர் விரலால் கிளறி, அடியில் இருந்த பச்சையைப் பார்த்து, "ரெண்டு சரக்கையும் கலந்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கலக்கவே இல்லை, ஒரே லாட்.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். வருஷக்கணக்காக ஏலக்காய்க் கடையில் பொறுக்குக்குப் போனவர் அவர். முறத்தில் காயைப் பரப்பி வெடித்தது, சொறி பிடித்தது, வெளுத்தது என்று விரல் தன்பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டே போகும். "வெயில்ல ஒரு பொழுது கிடந்தாலே கலரு போயிரும், லைட்டடியில எப்படி நிக்கும்?" என்றார். அதிலிருந்து ஏலக்காய் ஸ்டால் என்றால் நான் விளக்கைத் தட்டின் மேல் விடுவதில்லை. பின்சுவரில் விழுகிற மாதிரி திருப்பி, சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் தட்டை வைப்பேன். சுவருக்கு மஞ்சள் ஃபிளெக்ஸ் வேண்டாம் என்பேன், பச்சை மங்கும். தட்டில் ஒரு கையளவு காய் போதும், தினம் காலையில் மாற்ற வேண்டும், இரவில் கறுப்புத் துணி. போடிக் கடைக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லி வந்தார்கள். எல்.இ.டி. வந்தபிறகு சூடு குறைந்தது. என்றாலும் விளக்கைத் தள்ளி வைக்கும் பழக்கத்தை விடவில்லை.

வெளியில், மைதானத்தில் போடுவது வேறு கதை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் பேச்சுக்குச் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியாக இறங்கும்; தேனிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஹாலுக்குள் நிற்கிற பேனல் மைதானத்தில் பாய்மரம் ஆகிவிடும். ஆனி பிறந்தால் திறந்த மைதானத்தில் ஆக்டோநார்ம் போடமாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அப்பாவின் கீற்றுப் பந்தல் காற்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பும். அதை ஆக்டோநார்ம் செய்யாது.

இனி ராத்திரிக்கு வருகிறேன்.

ஸ்டால் போட இரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள் தருவார்கள். பிரிக்க ஒரே ராத்திரிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிப் பார்வையாளர் வெளியே போனதும் ஏ.சி. நிற்கும். கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டைப்பெட்டியைத் தேடுவார்கள். லோடு ஏற்றும் வாசலில் குட்டியானையும் லாரியும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் காலையில் அடுத்த கண்காட்சிக்காரர் கோடு போட வருவார், அதற்குள் தரை துடைத்த மாதிரி காலியாக வேண்டும். இந்தத் தொழிலில் பணம் பண்ணுவதும் தொலைப்பதும் அந்த எட்டு மணி நேரத்தில்தான். ஆர்டர் பிடிக்கிறபோது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஸ்டால் எப்படித் தெரியும் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பிரிப்பதற்கு ஒழுங்கு உண்டு. முதலில் எலெக்ட்ரீஷியன் லைனைத் துண்டித்து விளக்கை இறக்க வேண்டும். அவர் கை காட்டாமல் யாரும் கம்பத்தைத் தொடக்கூடாது. பிறகு ஃபேஸியா. பிறகு மேல் பீம், இரண்டு பக்கமும் ஆள் நின்று. பேனலை மேல்நோக்கி உருவி, படுக்கப் போடாமல் நிமிர்த்தி அடுக்க வேண்டும். படுக்கப் போட்டால் மேலே எவனாவது பெட்டியை வைப்பான், நடுவில் குழி விழுந்துவிடும். கம்பம் பத்துப் பத்தாகக் கட்டு. லாக் ஒவ்வொன்றும் பையில். கார்ப்பெட் கடைசி. இதில் ஒன்று முந்தினாலும் பின்னதில் நஷ்டம் வரும்.

இந்த வேலைக்கு மலை ஆட்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பொருந்தினார்கள். செடியின் அடியில் குனிந்து, முற்றிய காயை மட்டும் எடுத்து, பக்கத்தில் இருக்கும் பிஞ்சும் பூவும் நோகாமல் விட்டுவரும் கைகள் அவை. அவசரத்திலும் பிய்க்கத் தெரியாத கைகள். சென்னையில் அவசரத்துக்குப் பிடித்த ஆட்கள் சுத்தியலால் தட்டிக் கழற்றியதில் போன லாக்குகள் ஒரு சாக்கு இருக்கும். எங்கள் ஆட்கள் பிரித்த ராத்திரியில் அந்தச் சேதம் இல்லை.

ஆனாலும் அவர்களை அந்த ராத்திரி என்ன பாடுபடுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து ஸ்டாலில் சாமான் சுமந்தவன்தான் ராத்திரியும் பிரிக்கிறான். ஒரு கண்காட்சியில், கூட்டம் போனதும் ஹால் விளக்கில் பாதியை அணைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, கண்காட்சி நேரம் முடிந்தது என்று பதில். அரை இருட்டில் எங்கள் பையன் ஒருவன், பக்கத்துக் கடையில் யாரோ உடைத்துப் போட்டிருந்த ஷோகேஸ் கண்ணாடியில் கால் வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு விடிகாலையில் திரும்பி வந்தவன், "அண்ணே, சாமான் எல்லாம் ஏறிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். அவனை லாரியில் பின்னால் உட்காரவைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தடவையிலிருந்து எங்கள் சாமானோடு எங்கள் ஃபோகஸ் லைட்டும் நீள வயரும் போகின்றன. எல்லாருக்கும் தடித்த அடி வைத்த ஷூ.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் நான் எங்கே போனாலும் கேட்பது இதுதான். திறப்பு விழாவுக்குக் கொடுக்கும் வெளிச்சத்தைக் கடைசி லாரி வெளியேறும்வரை கொடுங்கள். குடிதண்ணீர் கேனை ஞாயிறு சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கழிப்பறையைப் பூட்டாதீர்கள். சிலர் கேட்கிறார்கள். அவர்களுடைய ஹாலில் வேலையும் சீக்கிரம் முடிகிறது.

2020-இல் எல்லாம் நின்றது. நந்தம்பாக்கம் கொரோனா மையம் ஆனது. போடிமெட்டுப் பாதையில் இ-பாஸ் இல்லாமல் தோட்டத்துக்கும் போக முடியவில்லை. மேலேயும் வேலை இல்லை, கீழேயும் வேலை இல்லை என்று ஒரு கோடை அதற்கு முன்பு வந்ததில்லை. எங்கள் பேனல்கள் வாடகை வாங்காமல் பரிசோதனை முகாம்களுக்கு மறைப்பாகப் போய்வந்தன. அந்த மாதங்களில் குடோனில் உட்கார்ந்து அம்மாவும் அவரோடு பொறுக்குக்குப் போன இரண்டு சித்திமார்களும் லாக்குகளைத் தரம் பிரித்தார்கள். மரை தேய்ந்தது ஒரு கூடை, நாக்கு வளைந்தது ஒரு கூடை, நல்லது ஒரு கூடை. நான் ஒவ்வொன்றாகச் சாவி போட்டுப் பார்த்தால்தான் சொல்வேன். அவர்கள் கையில் எடுத்ததும் சொன்னார்கள். இப்போது ஒவ்வொரு கண்காட்சியிலிருந்தும் சாமான் திரும்பியதும் முதலில் அவர்கள் முன்னால்தான் பை பிரியும். அவர்கள் எண்ணிக் கையெழுத்துப் போடாமல் அடுத்த லோடு ஏறாது.

கழித்துக் கட்டிய ஃபிளெக்ஸ் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. மலையில் மிளகு காயப்போடவும் ஒழுகுகிற கூரைக்கு மேல் விரிக்கவும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு தடவை மட்டும் மிதிபட்ட கார்ப்பெட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அதை நான் கேட்டுக் கேட்டுக் குறைக்கிறேன்; தரை நன்றாக இருக்கும் ஹாலில் கார்ப்பெட் எதற்கு என்று வியாபாரியிடம் வாதாடுவேன்.

என் விலைப்பட்டியலில் பிரிக்கும் கூலி தனி வரி. இரவு வேலை என்பதால் இரட்டைக் கூலி, சாப்பாடு, திரும்பும் செலவு எல்லாம் அந்த வரியில் இருக்கும். மொத்தமாக ஒரே தொகையாகச் சொல்லு, தள்ளிக் கொடு என்று கேட்பார்கள். ஒரு முதலாளி நேராகவே கேட்டார். "போடுறதுக்குக் காசு சரிப்பா. கழட்டுறதுக்குமா?" அவரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இருந்து பார்க்கச் சொன்னேன். இருந்தார். நள்ளிரவுக்குமேல் எல்லாருக்கும் அவரே டீ வாங்கிவந்தார். அதற்குப் பிறகு அந்த வரியில் அவர் பேரம் பேசியதில்லை.

2010 இறுதியில் போடி வரைக்கும் இருந்த மீட்டர் கேஜ் பாதையை மூடியபிறகு எங்களுக்கு ரயில் இல்லாமல் போனது. சென்னையில் பிரித்துவிட்டு, தூக்கமில்லாத கண்ணோடு பஸ்ஸிலும் லாரியிலும் திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக வருவோம். டிரைவர் கண் அசராமல் இருக்க யாராவது ஒருவர் முன்சீட்டில் பேசிக்கொண்டே வர வேண்டும். அது பெரும்பாலும் நான்தான். 2023 ஜூன் 15-இல் அகலப் பாதையில் போடிக்கு ரயில் வந்தது, சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள். இப்போது ஆட்களுக்கு அதில் படுக்கை எடுத்துவிடுகிறேன். ரயில் இல்லாத நாளில் பிரிப்பு முடிந்தால், அறை எடுத்துத் தூங்கவைத்து, ரயில் உள்ள நாள் ராத்திரி ஏற்றுகிறேன். லாரி டிரைவருக்கும் அதே சட்டம்: ஆறு மணி நேரம் தூங்காமல் வண்டி கிளம்பக்கூடாது. அந்த அறை வாடகையும் பிரிக்கும் கூலி வரியில்தான் சேர்கிறது. மாசி பிறந்ததும் மலையிலிருந்து போன் வர ஆரம்பிக்கும், இந்த வருஷம் எந்த ஊர் என்று கேட்டு.